குரலஞ்சல் சர்வரை ஆறு மணி நேரம் அணைத்து வைக்க வேண்டியிருந்தால்

டர்பன் துறைமுகத்துக்கு அருகில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பணியில் இருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: வரும் சனிக்கிழமை காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை நகராட்சி மின்பிரிவு பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறது. அலுவலகத்தின் குரலஞ்சல் (வாய்ஸ்மெயில்) சர்வர் நான்கு ஆண்டுகளாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுவியவர் ஊரை விட்டுப் போய்விட்டார். அழிந்துபோனால் திரும்பக் கிடைக்காத வாடிக்கையாளர் செய்திகள் அதில் இருக்கின்றன. அதை எப்படி அணைப்பது, எப்படி மீண்டும் தொடங்குவது?

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் அலுவலகத் தொலைபேசிகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வரை அணைக்கும் கட்டளை ஒரு வரிதான். அதற்கு முந்தைய இரண்டு நாட்களிலும் அதற்குப் பிந்தைய ஒரு மணி நேரத்திலும் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே செய்திகள் தப்புவதும் தொலைவதும் அமைகின்றன. ஆகவே என் பதிலிலும் அந்தப் பகுதிகளே நீளமாக இருக்கும்.

நான்கு ஆண்டுகளாக அணையாத இயந்திரம் என்று நீங்கள் பெருமையாகக் குறிப்பிட்டிருப்பதுதான் எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. இடைவிடாது சுழன்றுகொண்டே இருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று, முழுவதும் ஆறிய பிறகு மீண்டும் சுழலத் தொடங்காமல் போவது எங்கள் தொழிலில் பலரும் கண்ட காட்சி. மின்வழங்கிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய கெப்பாசிட்டர்கள் ஓடும்போது தாக்குப்பிடிக்கும். குளிர்ந்து எழும்போது கைவிடும். தாய்ப்பலகையில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி செத்துப் போயிருந்தாலும், மின்சாரம் இருக்கும் வரை அது யாருக்கும் தெரியாது. ஆகவே வியாழக்கிழமைக்குள் முழு பேக்கப் ஒன்று வேறொரு இயந்திரத்தில் இருந்தாக வேண்டும். சனிக்கிழமை காலை அவசரமாக எடுக்கும் பேக்கப்பை நம்பாதீர்கள்.

பேக்கப் என்றால் எதை எடுப்பது என்ற கேள்வி வரும். உங்கள் அலுவலகத்தில் இருப்பது ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளின் அடிப்படையிலான அமைப்பு என்று நீங்கள் கொடுத்த விவரத்திலிருந்து தெரிகிறது. அதில் ஒவ்வொரு குரல்பெட்டிக்கும், அதாவது ஒருவருக்கான செய்திகள் சேரும் இடத்துக்கும், ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் ஒவ்வொரு செய்திக்கும் குறைந்தது இரண்டு கோப்புகள், அதாவது பேச்சைக் கொண்ட ஒலிக்கோப்பும், அழைத்தவர் எண், தேதி, நேரம், நீளம் ஆகியவற்றைக் கொண்ட சிறிய உரைக்கோப்பும் இருக்கும். உரைக்கோப்பை விட்டுவிட்டு ஒலியை மட்டும் நகலெடுத்தால், பேச்சு இருக்கும், பேசியது யார், எப்போது என்பது இருக்காது. வரவேற்புரைகளும் அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றோடு அமைப்புக் கோப்புகள் உள்ள கோப்புறையையும், அமைப்பு தரவுத்தளம் ஒன்றைப் பயன்படுத்தினால் அதன் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் போதுமா என்று அஞ்ச வேண்டாம்: சுருக்கப்படாத சாதாரணத் தொலைபேசித் தர ஒலி நிமிடத்துக்கு 1 மெகாபைட்டைக்கூடத் தொடாது, ஆகவே ஒரு கிகாபைட்டில் ஏறத்தாழ 17 மணி நேரப் பேச்சு அடங்கும். நகலெடுத்த பின் ஏதேனும் ஐந்து செய்திகளை அந்த வேறு இயந்திரத்தில் ஒலிக்கவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒருமுறையாவது திறந்து கேட்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

இங்கே சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. நம் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழு அளவில் கண்காணிக்கப்பட்டு வருகிறது; பெயரும் எண்ணும் சரக்கு விவரமும் சொல்லும் ஒரு வாடிக்கையாளரின் குரல், அந்தச் சட்டம் காக்கும் தகவல்தான். அந்த நகலை யூஎஸ்பி குச்சியில் போட்டு யாராவது சட்டைப் பையில் வீட்டுக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால், அதைச் செய்யாதீர்கள். கடவுச்சொல்லிட்டு மறையாக்கம் செய்து, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

அடுத்தது கடவுச்சொற்கள். நிறுவியவர் ஊரில் இல்லை என்பதால், சர்வரின் தலைமைக் கணக்குக் கடவுச்சொல், ரவுட்டருடையது, கணினிகளையும் தொலைபேசிகளையும் வலையமைப்பில் இணைக்கும் சுவிட்சுடையது ஆகிய மூன்றும் உங்கள் கையில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று வெள்ளிக்கிழமைக்கு முன் உள்ளே நுழைந்து பாருங்கள். நினைவில் இருப்பதாக எண்ணிக்கொள்வதும் நுழைந்து பார்ப்பதும் வெவ்வேறு. திரையும் விசைப்பலகையும் நேரடியாக இணைக்க முடிகிறதா என்பதையும் சோதியுங்கள், ஏனெனில் சர்வர் பாதி எழுந்து நின்றுவிட்டால் வலையமைப்பு வழியாக அதைத் தொட முடியாது.

சுவிட்சைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் சறுக்குவது இங்கேதான். தொழில்முறை சுவிட்சுகளில் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு ஒன்று, சேமிக்கப்பட்ட அமைப்பு மற்றொன்று. நான்கு ஆண்டுகளில் யாரோ ஒருவர் தொலைபேசிகளுக்கென்று தனி வலையமைப்புப் பிரிவு ஒன்றை உருவாக்கி, அது வேலை செய்ததும் மகிழ்ந்து, சேமிக்காமலே போயிருக்கலாம். மின்சாரம் போய் வந்ததும் அந்த மாற்றம் காணாமல் போகும்; நீங்களோ சர்வரைக் குற்றம் சொல்லிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அணைத்துத் தொடங்கிக்கொண்டிருப்பீர்கள். ஓடும் அமைப்பைச் சேமிக்கும் கட்டளையை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள்.

இனி அழைப்பவர்கள். உங்கள் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பகம் ஒரு பெட்டியாகவும் குரலஞ்சல் வேறொரு பெட்டியாகவும் இருக்கின்றன. சர்வர் அணைந்திருக்கும் நேரத்திலும், யாரும் எடுக்காத அழைப்பைக் குரலஞ்சலுக்கு அனுப்பு என்ற கட்டளை இணைப்பகத்தில் அப்படியே இருக்கும். அழைத்தவர் காதில் முடிவில்லாத மணியோ வேகமான பிஸி ஒலியோ கேட்கும். சனிக்கிழமை இணைப்பகத்துக்கும் மின்சாரம் இருக்காது என்பதால், அலுவலகத்துக்குள் எந்தத் திருப்பிவிடலைச் செய்தாலும் பயனில்லை. உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி, முதன்மை எண்ணை அவர்கள் பக்கத்திலேயே ஒரு செல்பேசிக்குத் திருப்பச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை வேலை நேரத்துக்குள் அதைக் கேட்டு முடித்துவிட வேண்டும். அந்தச் செல்பேசியின் சொந்தக் குரலஞ்சலில், அலுவலகப் பெயரைச் சொல்லி, பிற்பகல் 3 மணிக்குப் பின் அழைக்கும்படி ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் சிறு அறிவிப்பைப் பதிந்து வைத்தால் கப்பல் முகவர்கள் குழம்பமாட்டார்கள்.

இத்தகைய வேலைக்குப் பொது விடுமுறை நாளே சிறந்தது என்று சிலர் சொல்வார்கள். பெரிய வெள்ளியன்று நம்மவர்களில் பாதிப் பேர் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் இருப்பார்கள், அழைப்பே வராது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்று சர்வர் எழவில்லையென்றால் உதிரிப்பாகம் விற்கும் கடையும் திறந்திருக்காது, தொலைபேசி நிறுவனத்தில் முடிவெடுக்கும் ஆளும் கிடைக்கமாட்டார். சாதாரண சனிக்கிழமை எவ்வளவோ மேல்.

சனிக்கிழமை காலை 7 மணிக்கெல்லாம் அலுவலகத்தில் இருங்கள். யூபிஎஸ் இருக்கிறதே, மின்சாரம் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2022, 2023 ஆண்டுகளில், நாளுக்குப் பலமுறை வடிந்து, முழுதாக நிரம்பும் முன்பே மீண்டும் வடிந்த ஈய-அமில பேட்டரிகள், விற்றவர் சொன்ன நேரத்தில் கால் பங்கு கூடத் தாங்குவதில்லை. 2024 மார்ச் இறுதியிலிருந்து பத்து மாதங்கள் மின்வெட்டே இல்லாமல் போனதால், பலர் அந்தப் பேட்டரிகளைச் சோதிக்கவும் மறந்துவிட்டார்கள். வெளி மின்சாரம் நன்றாக இருக்கும்போதே, நிதானமாக அணைப்பதே முறை.

முதலில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆஸ்டெரிஸ்கின் கட்டளைத் திரையில் ‘கோர் ஷோ சேனல்ஸ்’ என்ற கட்டளை, அந்நேரம் உயிரோடு இருக்கும் இணைப்புகளைக் காட்டும். நிறுத்துவதற்கு மூன்று வழிகள் உண்டு, இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை அறியாமல் தட்டிவிடக் கூடாது. ‘கோர் ஸ்டாப் நவ்’ என்பது அந்தக் கணமே எல்லாவற்றையும் அறுத்துவிடும். பாதிச் செய்தி சொல்லிக்கொண்டிருப்பவரின் பேச்சும் அதோடு போகும். ‘கோர் ஸ்டாப் கிரேஸ்ஃபுல்லி’ என்பது புதிய அழைப்புகளை ஏற்க மறுத்து, நடந்துகொண்டிருப்பவை முடியும் வரை காத்திருந்து நிற்கும். ‘கோர் ஸ்டாப் வென் கன்வீனியன்ட்’ என்பதோ புதிய அழைப்புகளையும் ஏற்றுக்கொண்டே, ஒருவரும் இல்லாத இடைவெளி ஒன்று கிடைக்கும்போது நிற்கும்; பரபரப்பான அலுவலகத்தில் அந்த இடைவெளி மதியம் வரை கிடைக்காமலும் போகலாம். உங்களுக்கு வேண்டியது நடுவில் சொன்னதுதான். கொடுத்த பின் மனம் மாறினால் ‘கோர் அபார்ட் ஷட்டவுன்’ என்று திரும்பப் பெறலாம். பல நிறுவல்களில், லினக்ஸின் சேவை நிறுத்தும் கட்டளையை நேரடியாகக் கொடுத்தால், அது உள்ளுக்குள் அழைப்பது அந்த முதல் வழியைத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆஸ்டெரிஸ்க் நின்ற பிறகு, மின்னஞ்சலாக அனுப்பப்படும் செய்தி நகல்கள் வரிசையில் ஏதும் தேங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவை போய்ச் சேர ஐந்து நிமிடம் கொடுங்கள். பின்னர் இயங்குதளத்தை அதன் சொந்தக் கட்டளையால் அணையுங்கள். திரை முற்றிலும் இருண்டு, விசிறி நின்று, டிஸ்க் விளக்கு அணைந்த பிறகுதான் யூபிஎஸ்ஸை அணைக்க வேண்டும். அதன் பின் சுவர் பிளக்கையும் கழற்றி வையுங்கள். பிளக்கைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மின்சாரம் திரும்பும் கணத்தில் மின்னழுத்தம் எகிறுவதும், வந்து போய் வந்து போய் விளையாடுவதும் நம் ஊரில் புதிதல்ல.

வேறு அமைப்பு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சிஸ்கோவின் யூனிட்டி கனெக்ஷன் போன்றவற்றில் பவர் பொத்தானை அழுத்தி அணைப்பது கோப்பு முறைமையைச் சேதப்படுத்தக் கூடும். அதற்கென்று உள்ள ‘யூடில்ஸ் சிஸ்டம் ஷட்டவுன்’ கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். இரட்டைச் சர்வர் இருந்தால் துணைச் சர்வரை முதலிலும் முதன்மைச் சர்வரைப் பின்னரும் அணைத்து, எழுப்பும்போது முதன்மையை முதலில் எழுப்புங்கள். விண்டோஸில் ஓடும் குரலஞ்சல் என்றால், அந்தச் சேவையை முதலில் நிறுத்திய பிறகே கணினியை அணையுங்கள். ‘அப்டேட் செய்து அணை’ என்று அது ஆசை காட்டும், அதற்கு அன்று இணங்காதீர்கள். மின்நிறுத்தமும் மேம்படுத்தலும் ஒரே நாளில் நடந்தால், பிறகு பிழை வரும்போது அதற்குக் காரணம் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு சொல்லக் காரணம், பிளக்கைப் பிடுங்கியதன் பலனை நானே ஒருமுறை கண்டது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சர்வரை அறை மாற்றும்போது ஒருவர் ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே கழற்றி, மறுபுறம் மாட்டிவிட்டார். அது அழகாக எழுந்தது. தொலைபேசிகள் ஒலித்தன, வரவேற்புரை கேட்டது, பீப் ஒலித்தது, வாடிக்கையாளர்கள் பேசினார்கள். மூன்று நாட்கள் கழித்து, ஒரு குறிப்பிட்ட குரல்பெட்டிக்கு மட்டும் ஒரு செய்திகூட வரவில்லை என்று அதன் சொந்தக்காரர் என்னை அழைத்தார். நடந்தது இதுதான்: ஆஸ்டெரிஸ்க் ஒரு பெட்டியில் செய்தியைச் சேர்க்கும்போது, இருவர் ஒரே நேரத்தில் எழுதிவிடாமல் இருக்க அந்தக் கோப்புறையில் ஒரு பூட்டுக் கோப்பை வைத்து, வேலை முடிந்ததும் அதை நீக்கும். மின்சாரம் அறுந்த கணத்தில் வைத்த பூட்டு, நீக்க ஆளில்லாமல் டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு செய்தியும் முழுவதும் பதிவாகி, பூட்டுத் திறக்கச் சில விநாடிகள் காத்திருந்து, திறக்காததால் கைவிடப்பட்டது. நடப்பதையெல்லாம் சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில் (லாக்) ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, இந்தக் குரலஞ்சல் இழக்கப்படும் என்று தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அந்த மூன்று நாட்களும் அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஆகவே முறையாக அணைத்திருந்தாலும்கூட, சர்வர் நின்ற பின் அல்லது மீண்டும் எழுந்து ஆஸ்டெரிஸ்க் தொடங்கும் முன், குரல்பெட்டிக் கோப்புறைகளில் எஞ்சிய பூட்டுக் கோப்புகள் உண்டா என்று தேடுவது என் வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றை நீக்கக் கூடாது. அப்போது அவை உண்மையான பூட்டுகளாக இருக்கலாம்.

பிற்பகல் 2 மணிக்கு மின்சாரம் வந்தவுடன் எதையும் தொடாதீர்கள். பதினைந்து நிமிடம் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்த பிறகு யூபிஎஸ்ஸை இணையுங்கள். அடுத்து ரவுட்டர், அதன் பின் சுவிட்ச், அதன் பின் தொலைபேசி இணைப்பகம், அதன் பின்தான் குரலஞ்சல் சர்வர். இந்த வரிசைக்குக் காரணம் எளியது: சர்வர் எழும்போது அது நேரத்தையும் முகவரிகளையும் வலையமைப்பிடம் கேட்கிறது, பதில் சொல்ல ஆளில்லையென்றால், சில சேவைகள் காத்திருந்து சலித்து நின்றுவிடும், பிறகு வலையமைப்பு வந்தாலும் அவை தாமாக எழாது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் எழும் பழைய லினக்ஸ், டிஸ்க்கைச் சரிபார்க்கத் தொடங்கி நெடுநேரம் அசையாதது போல் நிற்கலாம். பெரிய டிஸ்க்கில் அது அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். தேநீர் குடியுங்கள். பொறுமையிழந்து நடுவில் அணைத்தால்தான் உண்மையான சேதம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தேதி. மேலே சொன்ன நாணய பேட்டரி செத்திருந்தால், இயந்திரம் ஏதோ ஒரு பழைய ஆண்டில் விழித்திருக்கும். இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. முப்பது நாட்களுக்கு மேற்பட்ட செய்திகளைத் தானாக அழிக்கும் ஏற்பாடு உங்களிடம் இருந்தால், தவறான தேதியில் பதிவான புதுச் செய்தி, கடிகாரம் திருத்தப்பட்ட மறுநாள் இரவே பழைய செய்தியாகக் கருதப்பட்டு அழிக்கப்படக் கூடும். தேதியைச் சரிசெய்து, நேரச் சர்வரோடு இணைந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே ஆஸ்டெரிஸ்கை ஓடவிடுங்கள். அது தானாகத் தொடங்கிவிட்டிருந்தால், ஒருவரும் அழைக்காத இந்த நேரத்திலேயே நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். அதே பார்வையில் டிஸ்க்கில் காலியிடம் எவ்வளவு, இரட்டை டிஸ்க் இருந்தால் இரண்டும் நலமா என்பதையும் பார்த்துவிடலாம்.

தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெற்றுத் தம்மைப் பதிவு செய்ய முண்டியடிக்கும். சில, தம் பழைய பதிவுக் காலம் தீரும் வரை, சில சமயம் ஒரு மணி நேரம்கூட, சும்மா இருக்கும். அவற்றைக் கழற்றி மாட்டினால் போதும். செய்தி விளக்குகளை மட்டும் நம்பாதீர்கள்: செய்தி இருந்தும் எரியாத விளக்கும், இல்லாமலே எரியும் விளக்கும் இந்த ஒரு மணி நேரத்தில் சாதாரணம்.

இனி சோதனை. உங்கள் செல்பேசியிலிருந்து, அலுவலகத்துக்குள்ளிருந்து அல்ல, வெளி எண்ணாக அழையுங்கள். திருப்பிவிடலை நிறுவனம் நீக்கிவிட்டதா என்பதும் இதில் தெரிந்துவிடும். நீக்கவில்லையென்றால் அழைப்பு சுற்றி வந்து உங்கள் கையிலேயே ஒலிக்கும். வரவேற்புரை முழுதாகக் கேட்கட்டும், பீப் வரட்டும், இருபது விநாடி பேசுங்கள். தொலைபேசியில் விளக்கு எரிகிறதா, மின்னஞ்சலில் நகல் வந்ததா, அதிலுள்ள நேரம் சரியா, கடவு எண்ணைப் போட்டுக் கேட்டால் உங்கள் குரல் தெளிவாக இருக்கிறதா, அழித்ததும் விளக்கு அணைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதை ஒரு பெட்டியில் செய்து நிறுத்திவிடாமல், அதிகச் செய்தி வரும் நான்கைந்து பெட்டிகளிலாவது செய்ய வேண்டும். மேலே சொன்ன கதையில் கெட்டது ஒரே ஒரு பெட்டிதான். பழைய செய்திகளில் ஒன்றையும் கேட்டு, காலையில் இருந்த எண்ணிக்கையோடு இப்போதைய எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அதற்காகவே அணைக்கும் முன் ‘வாய்ஸ்மெயில் ஷோ யூசர்ஸ்’ கட்டளை காட்டும் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு யூஎஸ்பி கம்பி போகிறதா என்று பின்பக்கம் பாருங்கள். போகவில்லையென்றால், அடுத்த எதிர்பாராத மின்வெட்டில் இவை எதுவும் நடக்க வாய்ப்பில்லை. அந்தக் கம்பியும் அதற்கான மென்பொருளும் இருந்தால், பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கும்போது சர்வர் தானாகவே முறையாக அணையும். அதில் ஒரு பொறி உண்டு: சர்வர் அணைந்துகொண்டிருக்கும் நேரத்தில் வெளி மின்சாரம் திரும்பிவிட்டால், மின்சாரம் அறுந்ததே தெரியாத சர்வர் அணைந்தபடியே கிடக்கும். அதற்காக, சர்வர் அணைந்த சற்று நேரத்தில் யூபிஎஸ் தன் வெளியீட்டையும் துண்டித்து, பிறகு மீண்டும் கொடுக்கும்படி அமைக்க வேண்டும். சர்வரின் பயாஸிலும், அதாவது இயங்குதளத்துக்கு முன் எழும் அடிப்படை அமைப்புத் திரையிலும், மின்சாரம் வந்தால் தானாக எழு என்ற தெரிவை இட வேண்டும். இந்தச் சனிக்கிழமைக்கு அது வேண்டாம். இப்போதைக்கு அந்தத் தெரிவு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதி வையுங்கள். அமைப்பதை வேறொரு நாள் செய்யலாம்.

திங்கட்கிழமை காலை 9 மணிக்கு முதல் வேலையாகப் பதிவேட்டைத் திறந்து, வார இறுதியில் பிழை வரிகள் ஏதும் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடவுச்சொற்கள் இருக்கும் இடம், அணைத்த வரிசை, எழுப்பிய வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஆன நிமிடங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அந்த அலமாரிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். உங்களுக்கு அடுத்து வருபவரிடமும் நிறுவியவரின் எண் இருக்கப்போவதில்லை.